திரும்பிப் பார்க்காத பழக்கம்

என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, பழவேற்காட்டுக்குப் போய்ப் படகில் ஏறிப் பூநாரை பார்க்க வேண்டும் என்று கேட்டாள். கும்மிடிப்பூண்டியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பழவேற்காடு ஒன்றும் காசி ராமேசுவரம் இல்லை. பொன்னேரிக்குப் போய் பஸ் ஏறினால் போதும். ஆனால் அவள் மூன்றாம் வகுப்பை முடிக்கும்வரை என்னால் கூட்டிப்போக முடியவில்லை.

நான் சிறைக் காவலன். அடுத்த ஷிப்டுக்கு ரிலீவர் வந்தால்தான் நாங்கள் வெளியே வரலாம். அவர் வரவில்லை என்றால் அவருடைய ஷிப்டும் நம் தலையில்தான். காலையில் இறங்கி மதியமே திரும்பப் போன நாட்கள் ஏராளம். விதிப்படி லீவு உண்டு, சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்று முறையும், "ஆளே இல்ல, யார வெச்சிய்யா பிளாக்க பாக்கறது?" என்று அதிகாரி திருப்பிக் கொடுத்தார். அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. அவர் வீட்டுக்குப் போயே நாலு நாள் ஆகியிருந்தது.

வேலையில் சேர்ந்த புதிதில், மாலை கணக்கெடுத்துப் பூட்டிய பிறகு யாராவது "ஐயா" என்று கூப்பிட்டால் நின்றுவிடுவேன். ஒருவனுக்கு வயிற்றுவலி. ஒருவனுக்கு வக்கீல் வந்தாரா என்று தெரியவேண்டும். ஒருவனுக்குச் சும்மா யாரிடமாவது பேசவேண்டும். ஒருவனுக்காகத் திரும்பினால் அந்த வரிசை முழுவதும் கம்பிக்கு வந்துவிடும். அத்தனை பேருக்கும் என்னிடம் இருந்தது "பார்க்கலாம்" என்ற ஒரே பதில். எந்த நாளில் திரும்புவதை நிறுத்தினேன் என்று நினைவில்லை. பூட்டு, இரண்டு முறை இழுத்துப் பார், நட. குரல் காதில் விழும், கால் நிற்காது. எங்கள் ஆட்கள் பெரும்பாலும் அப்படித்தான் காலம் தள்ளுகிறோம்.

வீட்டுப் பூட்டையும் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன். "நம்ம ஊட்ல எந்தக் கைதிய வெச்சிகினுகீற? இந்த இழு இழுக்கற!" என்று மனைவி கிண்டல் செய்வாள். அவள் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள்.

எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்று கூப்பிடும் வீடுகள் இன்னும் உண்டு. என் மகளும் அப்படித்தான் கூப்பிடுவாள். அப்போதெல்லாம் அவளுக்கு வாய் ஓயாது. நான் ஷூவைக் கழற்றுவதற்குள் முதுகுக்குப் பின்னால் "நைனா, நைனா" என்று பள்ளிக்கூடக் கதை ஆரம்பித்துவிடும். பாதியில் தூங்கிப்போவேன். அதற்கும் விடமாட்டாள். தூங்குகிற என் முதுகிடம் மிச்சக் கதையையும் சொல்லி முடிப்பாள் என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.

நாலாவது முறை லீவு கிடைத்தது, ஒரே ஒரு நாள். முழுப்பரீட்சை லீவு அப்போது. நான் நைட் டியூட்டி முடித்துக் காலையில் வந்து சேர்ந்தேன். மனைவி இட்லி வைத்துவிட்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள். மகள் பச்சைக் கவுன் போட்டுத் தலையில் தொப்பியோடு நின்றாள். "ஒரு மணி நேரம் படுத்துக்கறேன் கண்ணு, அப்புறம் கெளம்பிடலாம்" என்றேன். அவள் எழுப்பவில்லை. பாவம், தூங்கட்டும் என்று விட்டிருக்கிறாள்.

பதினோரு மணிக்கு செல்போனில் அலாரம் அடித்தது. மதிய டியூட்டிக்காக எப்போதோ வைத்தது, தினமும் அடிக்கும். எழுந்தேன். காக்கி பேன்ட், மேலே கலர் சட்டை, ஷூ. வழக்கமாக அந்த நேரத்தில் மனைவி கம்பெனியிலும் மகள் பள்ளிக்கூடத்திலும் இருப்பார்கள். வீட்டைப் பூட்டினேன். இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். நடந்தேன்.

டியூட்டிக்குப் போகும் ரயில் கவரைப்பேட்டையை நெருங்கும்போது பக்கத்து வீட்டு அம்மா போன் செய்தார். "அண்ணே, இன்னாண்ணே இது? பாப்பாவ உள்ள வெச்சி பூட்டிகினு போய்ட்டியே!"

கவரைப்பேட்டையில் குதித்து ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் என்னையே வாயில் வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலையில் தொப்பி, மடியில் தண்ணீர் பாட்டில். அழுத முகமாக இல்லை. அழுதிருந்தால் கட்டிக்கொண்டு சமாதானம் சொல்லியிருப்பேன்.

"கிச்சன்ல பாட்ல்ல தண்ணி புடிச்சிகினு இருந்தேன் நைனா. பூட்ற சத்தம் கேட்டு ஓடியாந்தேன். ஜன்னலாண்ட நின்னு கூப்ட்டேன். நாலு வாட்டி கூப்ட்டேன். நீ திரும்பவே இல்ல."

"காதுல உழல கண்ணு" என்றேன்.

பொய். விழுந்தது. தெருவில் இறங்கும்போது பின்னால் ஒரு குரல் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். அதற்கு என் கால் பழகியிருந்தது.

அன்றே பழவேற்காட்டுக்குப் போனோம். படகிலும் ஏறினோம். தூரத்தில் பூநாரைகள் நின்றன. அது ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது, எப்போது தூங்கும் என்று அவள் ஆயிரம் கேள்வி கேட்டாள், எல்லாம் படகுக்காரரிடம். நான் வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். "தேங்க்ஸ் நைனா" என்று எடுத்துக்கொண்டாள். அந்த தேங்க்ஸ் எனக்கு வலித்தது.

அடுத்த நாள் பிளாக்கில் ஒருவன் "ஐயா" என்றான். நின்றேன், திரும்பினேன். அவனுக்கு ஒரு போஸ்ட் கார்டு வேண்டுமாம். நாலு நாள் அப்படித் திரும்பிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் ரிலீவர் வரவில்லை. ஆறாம் நாள் பழையபடி நடந்தேன்.

இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. நல்ல பிள்ளை, நன்றாகப் படிக்கிறாள், என்மேல் கோபமெல்லாம் இல்லை. அந்த நாளைப் பற்றி ஒரு முறை பேச்செடுத்தேன். "அத்த இன்னுமா ஞாபகம் வெச்சிகினுகீற?" என்று சிரித்தாள். நான் வந்து ஷூவைக் கழற்றும்போது வீட்டில் மிக்சி சத்தம் கேட்கும், டிவி சத்தம் கேட்கும். கழற்றின பிறகும் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பேன். பின்னாலிருந்து ஒரே ஒரு முறை "நைனா" என்று கேட்டுவிட்டால் போதும், சட்டென்று திரும்பிவிடுவேன்.

அவளுக்கு என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு முன்னால் வருவாள். நான் பார்க்கும்வரை நிற்பாள். பார்த்த பிறகுதான் பேசுவாள்.