திருப்பிப் போட்ட ஜாக்கெட்

பனியில் உட்கார்ந்தபடி என் வலது கையைப் பார்த்தேன். மணிக்கட்டு முள்கரண்டி போல வளைந்திருந்தது. அப்போது வலிக்கவே இல்லை. "எவ்வளவு தூரம் விழாம வந்தேன், பாத்தியா?" என்றுதான் என் மகள் யாழினியிடம் கத்தினேன். அவ்வளவு சந்தோஷம்! வலி அதற்குப் பிறகுதான் வந்தது. வந்ததும் உயிரே போய்விடும் போலிருந்தது.

மலேசியாவின் சிகாமட்டில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்த பனியெல்லாம், சீவிய ஐஸில் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங்தான். ஆனால் வேகம் பழகியது. தினமும் மோட்டார் சைக்கிளில் ஜோகூர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவள் நான். குடும்பத்தோடு ஜப்பானுக்குச் சுற்றுலா போனபோது, ஒற்றைப் பலகையில் இரண்டு கால்களையும் பூட்டிக்கொண்டு மலைச்சரிவில் பறப்பவர்களைப் பார்த்தேன். கை கால் பரபரத்தது. பயிற்சியாளரிடம் போய் நின்றுவிட்டேன்.

அங்கே சிம்பு வைத்துக் கட்டி அனுப்பினார்கள். ஜோகூர் திரும்பியதும் எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டினார். ரேடியஸ் (முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் எலும்பு) மூட்டுக்கு அருகில் நொறுங்கியிருந்தது. தகடும் திருகும் வைத்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்.

"டாக்டர், நான் மறுபடி மோட்டார் ஓட்ட முடியுமா? முறுக்குறது இந்தக் கைதான்."

"முயற்சி பண்ணுவோம். பழையபடி ஆயிடும்னு இப்பவே சொல்ல மாட்டேன்."

அந்தப் பதில் என்னை ஆட்டிவிட்டது. வார்டுக்கு வெளியே என் கணவர் கணேசன், பனிச்சறுக்கின்போது நான் அணிந்திருந்த மணிக்கட்டுக் காப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொதித்துக்கொண்டிருந்தார். அதன் பிளாஸ்டிக் பட்டை இரண்டாக உடைந்திருந்தது.

"கைய பாதுகாக்கும்னு பெட்டியில போட்டிருக்கான். இவனுங்கள சும்மா விடக்கூடாது லா. சூ பண்ணணும். லாயர்கிட்ட பேசிட்டேன்."

நானும் தலையாட்டினேன். யார் மீதாவது கோபப்படுவது வலிக்கு இதமாகத்தான் இருந்தது.

தையல் பிரித்த பிறகு பிசியோதெரபி (உடற்பயிற்சி மூலம் மூட்டை அசைய வைக்கும் சிகிச்சை) தொடங்கியது. என் கையோ ஒத்துழைக்க மறுத்தது. அதைவிட மோசம், பயம். ஹெல்மெட் பட்டி அறுந்துவிடுமோ, கார் பிரேக் பிடிக்காமல் போகுமோ, கையில் வைத்த தகடே உடைந்துவிடுமோ! எதை நம்புவது? வீட்டு வாசலில் நின்ற மோட்டாரைத் தொடக்கூட மனம் வரவில்லை.

நான் விழுந்ததை யாழினி எடுத்திருந்த காணொளியை வழக்குக்காக வக்கீல் கேட்டார். யாழினி கைப்பேசியை நீட்டினாள். "மா, நீங்க இத ஆரம்பத்துலேருந்து பாக்கவே இல்ல."

பார்த்தேன். சரிவின் உச்சியில் நிற்கிறேன். நெஞ்சில் காற்று அறைகிறது. உடனே ஜாக்கெட்டைக் கழற்றி, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொள்கிறேன்! எங்கள் ஊரில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் காற்றுக்குப் பயந்து அப்படித்தான் போடுவார்கள்; கை தானாகச் செய்துவிட்டது. மறுபடி நேராகப் போடச் சொல்லிப் பயிற்சியாளர் கையைச் சுழற்றிக் காட்டுகிறார். நான் ஒன்றும் ஆகாது என்று கையசைத்துவிட்டுக் கிளம்புகிறேன். பாதி வழியில், தாடைக்குக் கீழே தொங்கிய ஜாக்கெட்டின் தலைமூடி காற்றில் உப்பி எழுந்து முகத்தை மூடிக்கொள்கிறது. கண் தெரியாமல், கையை நீட்டிக்கொண்டு நேராகப் போய் விழுகிறேன். விழுந்த அதிர்ச்சியில் இதெல்லாம் என் நினைவிலேயே இல்லை.

"அலமாக்!" என்று கத்தினேன். பிறகு சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கணேசன் சிரிக்கவில்லை. "அந்த எடத்த மட்டும் கட் பண்ணிட்டு அனுப்பிடலாம்."

"வேணாங்க. அந்தாளு சொல்லியும் கேக்காம போனது நான். இத்தனூண்டு பிளாஸ்டிக் என்ன செய்யும்?"

"நீ படுற வேதனைய பாத்துட்டு எப்படிம்மா சும்மா இருக்கறது?"

அவர் குரல் உடைந்தது. அவருக்குத் தேவைப்பட்டது வழக்கு இல்லை, என் வலிக்கு ஏதாவது செய்வதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. உடைந்த காப்பை வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவர் தடுக்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கும் எங்கேயாவது எலும்பு முறிந்திருக்கலாம். பொருளில் உண்மையாகவே குறை இருந்தால் கேளுங்கள், விடாதீர்கள். என் விஷயத்தில் தப்பு என்னுடையது, அது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது! உலகத்திலுள்ள பட்டிகளும் பிரேக்குகளும் எனக்கு எதிராகச் சதி செய்யவில்லை. நான் செய்த தப்பை நானே இன்னொரு முறை செய்யாமல் இருக்கலாம். மறுநாள் பயிற்சியில் பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் திருப்பினேன். கொஞ்சம் திரும்பியது. அந்தப் பக்கம் வந்த எலும்பு மருத்துவரே கைதட்டினார்.

இன்று காலை மறுபடி பாலத்தில் இருந்தேன். மணிக்கட்டு முழுதாக மடங்காது. முழங்கையைச் சற்று இறக்கித்தான் முறுக்க வேண்டும். மழை வருவதை வானத்துக்கு முன்பே என் கை சொல்லிவிடுகிறது. முன்பெல்லாம் நெரிசலில் நின்றால் எரிச்சலில் ஹாரன் அடிப்பேன். இப்போது அது விரல்களை விரித்து மூடும் நேரம்.

பக்கத்தில் வந்து நின்றாள், என்னோடு வேலை செய்யும் மாலா. அவள் ஜாக்கெட்டின் ஜிப் முதுகில் இருந்தது. சுற்றிலும் எல்லாருக்கும் அப்படித்தான். எனக்கு மட்டும் முன்னால்.

"அக்கா, ஜாக்கெட்ட தப்பா போட்டிருக்கீங்க லா! காத்து அடிக்கலையா?"

"அடிக்குது! நல்லா அடிக்குது!"

முன்னால் நெரிசல் வழி விட்டது. முறுக்கினேன். கை திரும்பியது.