நாலாவில் நாங்கள் நட்ட காடு

அந்தமானில் ரங்கத் என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் வந்தால் எங்கள் கிராமம். அங்கே அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். என் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர். பக்கத்து வீட்டில் பெங்காலிகள், எதிர்வீட்டில் தெலுங்குக்காரர்கள். வாசலைத் தாண்டினால் எல்லோருக்கும் தீவின் இந்திதான்.

ஊருக்குக் கீழே போகும் உப்பாற்றை நாங்கள் நாலா என்போம். அதன் கரையில் அலையைத் தடுத்து நின்ற கண்டல் மரங்களை வேலிக்கும் விறகுக்குமாக வெட்டி நாங்களே மொட்டையாக்கியிருந்தோம். கடல் பொங்கும் நாட்களில் உப்புத் தண்ணீர் வயலுக்குள் ஏறியது. நண்டும் மீனும் குறைந்துபோயின. பஞ்சாயத்துக் கூட்டத்தில் எல்லோரும் இதைச் சொல்லிப் புலம்பியபோது, “காட்டா தோ ஹம்னே. லகாயேகா கோன்?” என்று கேட்டவர் பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மாதான். வெட்டியது நாம், நடப்போவது யார் என்று கேட்டார். ஊரில் எல்லோரும் அவரைப் பௌதி என்றுதான் கூப்பிடுவோம். அண்ணி என்று அர்த்தம். மீன் பிடிக்கும் அவர் கணவர் எங்களுக்குத் தாதா, அதாவது அண்ணன்.

ஏழு பேர் சேர்ந்தோம். முருங்கைக்காய்போல நீண்டு தொங்கும் விதைகளைப் படகில் போய்ப் பொறுக்கி வருவோம். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, முழங்கால் வரை சேற்றில் இறங்கி ஒவ்வொன்றாகக் குத்துவோம். பூச்சி துளைத்த விதையைப் பௌதி கையில் எடுத்ததுமே கண்டுபிடித்து எறிந்துவிடுவார். முதல் வருடம் நட்டதில் பாதிக்கு மேல் அலை கொண்டுபோயிற்று. பௌதி திட்டிக்கொண்டே மறுபடி நட்டார். மூன்றாம் வருடம் செடிகள் இடுப்பு உயரம் வந்தன. ஒரு நாள் மீன்கொத்தி ஒன்று செடியில் வந்து உட்கார்ந்தது. இரண்டு கையிலும் சேறு இருந்ததால் பௌதி முழங்கையால் அதைச் சுட்டிக் காட்டினார். சிறிய சிவப்பு நண்டுகள் வந்தன, மீன் குஞ்சுகள் வந்தன. மீன் வந்த இடத்துக்கு அதைத் தின்பதும் வரும் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. முதலை எச்சரிக்கைப் பலகை எல்லா நாலாவிலும் இருக்கிறது. இருப்பதாலேயே யாரும் படிப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை விதை மூட்டைகளை நிழலில் வைக்க நான் மட்டும் கரைக்குப் போனேன். சேற்றில் அகலமாக ஒரு தடம் தண்ணீர் வரை இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் பள்ளங்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். யாரோ டிங்கிப் படகை இழுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மறந்தும் போனேன். இப்போது யோசித்தால், மறக்கவில்லை, மறக்க விரும்பினேன் என்று தோன்றுகிறது. சொன்னால் மறுநாள் வேலை நின்றுவிடும். விதைகள் அதற்குள் காய்ந்துவிடும்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கெல்லாம் நட்டு முடித்தோம். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. பௌதி காலிச் சாக்கை அலசக் கீழே இறங்கினார்.

“வாங்க பௌதி, பானி சட் ரஹா ஹை,” என்றேன், தண்ணீர் ஏறுகிறது என்று.

“து ஜா. மே ஆத்தி ஹூம்,” என்றார். நீ போ, நான் வருகிறேன்.

நான் திரும்பி நாலு அடி வைத்திருப்பேன். தண்ணீர் ஒரு முறை பலமாக அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. அவர் கத்தவேயில்லை. திரும்பிப் பார்த்தபோது சாக்கு மட்டும் மிதந்தது. நாங்கள் தடிகளால் தண்ணீரை அடித்தோம், பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். தாதா டிங்கியில் வந்து மாலை வரை தேடினார். மறுநாள் இரண்டு வளைவு தள்ளி உடல் கிடைத்தது. நான் பார்க்கப் போகவில்லை.

வனத்துறையினர் கூண்டு வைத்து ஒரு முதலையைப் பிடித்துப் போனார்கள். அதுதானா என்று யாருக்கும் தெரியாது. மரம் நட்டதால்தான் முதலை வந்தது என்று ஊரில் பேச்சு கிளம்பியது. சிலர் கத்தியோடு போய் ஒரு பக்கச் செடிகளை வெட்டிச் சாய்த்தார்கள். எங்கள் ஆறு பேரில் யாரும் போய்த் தடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தாதாவிடம் போனேன். வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். தடத்தைப் பற்றிச் சொன்னேன். கை நின்றது.

“கப்?”

“ஒரு நாள் முன்னாடி, தாதா. சனிக்கிழமை.”

“கஹாம்? திகாவ்.”

எங்கே, காட்டு என்றார். இருவரும் கரைக்கு நடந்தோம். இடத்தைக் காட்டினேன். அங்கே இப்போது வெறும் சேறு. அவர் வெகுநேரம் அதையே பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “கர் ஜாவ்,” என்றார், வீட்டுக்குப் போ. அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவேயில்லை. ரங்கத் மார்க்கெட்டில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவார், முன்பின் தெரியாதவருக்கு விடுவதுபோல.

வெட்டாத பக்கத்து மரங்கள் இப்போது ஆளுயரத்துக்கு மேல் நிற்கின்றன. வயலுக்கு உப்பு வருவதில்லை. மரங்களைத் திட்டியவர்களே அங்கே நண்டு பிடிக்கிறார்கள், தடியோடு, இரண்டு பேராக. என் மகள் ஒரு முறை, “அம்மா, நீங்க நட்டது எது?” என்று கேட்டாள். “தெரியலம்மா, எல்லாம் ஒண்ணாக் கலந்துபோச்சு,” என்றேன்.

போன மழைக்காலத்தில் தாதா வீட்டைப் பூட்டிவிட்டு வடக்கே டிக்லிபூரில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். போவதாக அவர் சொல்லவில்லை. பஸ் கிளம்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.