நிஜமாவா சார்

"பத்து மைல்னு சொல்றீங்க, சரி. இடது பக்கம் என்ன தெரியுது?"

விமான நிலையக் கோபுரத்தின் உச்சியறையில், விமானங்களுக்கு ஏறவும் இறங்கவும் அனுமதி தரும் அதிகாரி அவர். மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு இப்படித்தான் கேட்பார். ஏரி தெரிகிறது என்று மேலேயிருந்து விமானி சொன்னால், "நிஜமாவா?" என்பது அடுத்த கேள்வி. அதுவே பெயராகி, தரை துடைப்பவர் முதல் மேலதிகாரி வரை எல்லோருக்கும் அவர் 'நிஜமாவா சார்'.

இந்த நிலையத்தில் ரேடார் கிடையாது. எந்த விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டத் திரை இல்லை. விமானி வாயால் சொல்வதுதான் கணக்கு. சொல்கிறவர்களோ, முதலில் இறங்கும் அவசரத்தில் பதினைந்து மைலைப் பத்தாக்கிவிடும் புண்ணியவான்கள். "வீட்ல பல்லு வெளக்கிக்கிட்டே தெருமுனைக்கு வந்துட்டேன்னு சொல்றவன்தானே மனுஷன்? றெக்கை கட்டிவிட்டா மாறிடுவானா?" என்பார்.

வீட்டிலும் இதே கூத்துதான். பால் காய்ந்துவிட்டது என்று மனைவி சொன்னாலும் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொள்வார்.

"கட்டின பொண்டாட்டி பேச்சையாவது நம்பக் கூடாதா?"

"உன்ன நம்பறேன்மா. பாலத்தான் நம்பல."

காத்திருந்து கடுப்பான விமானிகள் புகார்மேல் புகார் எழுதுகிறார்கள். "இன்னொண்ணு வரட்டும், கோபுரத்த மறந்துடுங்க. கீழ ஸ்டோர் ரூம்ல உக்காந்து பல்பு எண்ணலாம்," என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். மனிதருக்கு அதிலிருந்து சோறு இறங்கவில்லை. இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது.

போன வாரம் ஒரு விமானம் மேற்கு மலையைத் தாண்டி இங்கே வந்துகொண்டிருந்தது. இங்கிருந்து கிளம்பிய இன்னொன்று அதே வழியில் எதிரே போய்க்கொண்டிருந்தது. வருவது ஐயாயிரம் அடியில், போவது நாலாயிரத்தில். ஒன்றையொன்று கடந்த பிறகுதான் உயரத்தை மாற்ற விடலாம்.

"மலையத் தாண்டி உங்க பக்கம் வந்தாச்சு," என்றார் வருகிறவர்.

"நானும் மலையத் தாண்டி அந்தப் பக்கம் போயிட்டேன். மேல ஏற விடுங்க," என்றார் போகிறவர்.

வாய்க்கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் மலைக்கு அப்பால் இருப்பவர்களின் குரல் எப்போதும் கரகரவென்றுதான் கேட்கும். இங்கே வந்துவிட்டதாகச் சொன்னவர் குரல் கரகரத்தது. அங்கே போய்விட்டதாகச் சொன்னவர் குரலோ பக்கத்து அறையில் பேசுவதுபோல இருந்தது.

"ரெண்டு பேரும் இருக்கிற உயரத்துலயே இருங்க."

"இன்னும் எவ்வளவு நேரம்? உங்க பேர்ல எழுதிக் குடுக்கப்போறேன்," என்று சீறினார் போகிறவர்.

"தாராளமா எழுதுங்க. ஏறாதீங்க."

தன் சந்தேகம் தப்பாக இருந்தால் நாளையிலிருந்து பல்புதான் என்று நினைத்துக்கொண்டார். பிறகு அதே விமானி பேசினார். சீற்றம் முழுக்க வடிந்திருந்தது. "சார்... இப்பத்தான் ஒருத்தர் எங்க தலைக்கு நேர் மேல போனாரு."

நிஜமாவா என்று அவர் கேட்கவில்லை. "இப்ப ஏறுங்க," என்று சொல்லிவிட்டு மைக்கை மேசைமேல் வைத்துவிட்டார்.

அன்று மாலை, ஸ்கூட்டரில் கூட்டிப்போக வந்த மனைவி போன் செய்தாள். "வாசல்லதான் நிக்கிறேன், எறங்கி வாங்க."

அவர் போனைக் காதோடு இடுக்கிக்கொண்டு பைனாகுலரை எடுத்தார். கேட்டருகே நின்றிருந்த அவள், கோபுரத்தை நோக்கி ஏற்கெனவே கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தாள்.