முட்டுக்கட்டை அண்ணன் தந்த சம்மதம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். பேய் ராத்திரியில்தான் வரும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எனக்கு வந்தது பட்டப்பகலில். ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு மேல், ஈ காக்கை இல்லாத அலுவலகத்தில்.

நான் மென்பொருள் எழுதுகிறவள். சம்பளத்துக்கு ஒன்று, சும்மா ஒன்று. சும்மா எழுதுவது மருத்துவமனைகளுக்கானது. நோயாளியின் விரலில் மாட்டும் கிளிப்பிலிருந்து நாடித்துடிப்பை வாங்கித் திரையில் காட்டும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதைப் பராமரிப்பது பல ஊர்களில் இருக்கும் தன்னார்வலர்கள், பதினேழு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

பதினேழு என்பது பேச்சுக்குத்தான். முக்கால்வாசிப் பேர் எப்போதோ கழன்றுகொண்டார்கள். யார் இருக்கிறார், யார் இல்லை என்று சொல்ல ஒரு கருவி இருந்தது. அது அரைகுறை. நான்தான் உட்கார்ந்து திருத்தினேன். வேலை செய்கிறவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஆறு மாதம் சத்தமில்லாதவருக்குச் சாம்பல் புள்ளி, கூடவே "இருக்கிறீர்களா?" என்று ஒரு கடிதம். பதில் இல்லையென்றால் நீக்கிவிடலாம்.

கடிதம் கண்டதும் பதினைந்து பேர் "நேரமில்லை" என்று பெரிய கும்பிடாகப் போட்டு விலகிவிட்டார்கள். பதிலே போடாதவர் ஒருவர்தான், முட்டுக்கட்டை அண்ணன். யார் எதை எழுதினாலும் வழிமறித்து நூறு கேள்வி கேட்பார், அதனால் நாங்கள் வைத்த பெயர். பதினோரு மாதமாக அவரிடமிருந்து மூச்சுப் பேச்சில்லை.

அன்று நான்கு மணிக்கு ஒரு மருத்துவமனை எங்கள் புதிய பதிப்பை ஏற்றுவதாக இருந்தது. ஏழாம் மாதமே பிறந்துவிட்ட என் அக்கா குழந்தை அங்கேதான் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். பதிப்பு வெளியே போக இரண்டு பேரின் சம்மதம் வேண்டும். ஒரே ஆள் மிஞ்சினால் அவர் சம்மதமே போதும் என்றும் ஒரு விதி உண்டு. அண்ணனை நீக்கிவிட்டால் மிஞ்சுவது நான்.

2.10. 'நீக்கு' என்ற பொத்தானுக்கு அம்புக்குறியைக் கொண்டுபோனேன்.

டிங்.

"நீக்காதே தங்கச்சி. இருக்கேன்."

சாம்பல் புள்ளி பச்சையாகியிருந்தது. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததே என்று துள்ளினேன்.

"அண்ணா! எங்க போயிட்டீங்க? நாலு மணிக்குள்ள உங்க சம்மதம் வேணும்."

டிங். "தர மாட்டேன்."

வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிட்டது என்று சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

"ஏன்ணா?"

டிங். "கிளிப்பை மாட்டு. கழட்டு. பாரு."

ஒன்று உறுத்தியது. எதிரில் இருப்பவர் தட்டெழுதும்போது திரையில் மூன்று புள்ளிகள் ஓடும். அவருக்கு ஓடவே இல்லை. செய்தி மட்டும் வந்து விழுந்தது.

சோதனைக்கென்று ஒரு கிளிப் மேஜையில் உண்டு. விரலில் மாட்டினேன். திரையில் 94. எல்லாம் அவர்மேல் இருந்த எரிச்சல். டிக்... டிக்... டிக்... கழற்றி வைத்தேன்.

டிக்... டிக்... டிக்...

சத்தம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. எண் மெல்ல இறங்கியது. 94... 85... 76. அங்கேயே நின்றது. பச்சையில்.

கிளிப் மேஜைமேல் வெறுமனே கிடந்தது.

இது யாருடைய நாடி?

வயரையே பிடுங்கினேன்.

டிக்... டிக்...

மூலையில் தண்ணீர் இயந்திரம் அவ்வப்போது 'களக்' என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். அதுவும் அடங்கியிருந்தது. அறையில் இந்த ஒரு சத்தம்தான்.

டிங். "பாத்தியா? ஆள் போனாலும் நம்பர் போகல."

டிங். "உங்க குட்டிப் பையன் ஜன்னல்லேர்ந்து மூணாவது பெட்டிதானே? சீக்கிரம்."

குழந்தை விஷயத்தை நான் குழுவில் யாரிடமும் சொல்லவில்லை.

எழுந்து ஓடத்தான் தோன்றியது. ஆனால் பெட்டிக்குள் கிடப்பது எங்கள் பிள்ளை. உட்கார்ந்து தேடினேன். நான் அதுவரை தொட்டே பார்க்காத பகுதியில் இருந்தது தவறு. கிளிப் கழன்றால் எண்ணை அழித்து அலாரம் அடிக்க வேண்டும். அது சும்மா எண் காட்டிக்கொண்டிருந்தது.

திருத்தினேன். கிளிப்பை மாட்டிக் கழற்றினேன். எண் மறைந்தது. அலாரம் அலறியது. அந்த அலறலைக் கேட்டு அழுதுவிட்டேன்.

டிங். "இப்போ சரி."

3.52. அவருடைய சம்மதம் விழுந்தது. பச்சைப் புள்ளி அணைந்தது.

அன்று ராத்திரியே அக்கா போன் செய்தாள். "புள்ள கால்ல மாட்டின கிளிப் கழண்டிருக்குடி. அலாரம் அலறுச்சு. நர்ஸ் ஓடிவந்து பார்த்தா மூச்சே இல்ல... நீலமா கிடந்தான். தட்டித் தட்டி எழுப்பிட்டாங்க. இப்ப நல்லாருக்கான்."

நன்றி சொல்லாமல் எப்படி இருப்பது? மறுநாள், எங்கள் குழுவின் தளத்தில் அவர் போட்டிருந்த எண்ணுக்கு அழைத்தேன். அவர் மனைவி எடுத்தார்.

"அவர் தவறிப் பதினோரு மாசம் ஆச்சேம்மா."

அவரே தொடர்ந்தார்.

"ஆஸ்பத்திரியிலதான். பக்கத்துலயே உக்காந்து திரையைப் பார்த்துட்டிருந்தேன். நாங்க எழுதினதுதான் இதுல ஓடுதுன்னு பெருமையாச் சொல்லிட்டுத் தூங்கினார். நம்பர் நல்லா ஓடுச்சு. நானும் தைரியமா இருந்தேன். நர்ஸ் வந்து தொட்டப்போதான்... உடம்பு எப்பவோ சில்லிட்டுப் போயிருந்துச்சு. கிளிப்பு போர்வைக்குள்ள கழண்டு கிடந்துச்சும்மா."

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"அண்ணி... அந்த நம்பர் ஞாபகம் இருக்கா?"

"விடிய விடியப் பார்த்த நம்பர், மறக்குமா? எழுபத்தாறு."