அடிக்காத ஹாரன்

உடையட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்பவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். எந்த பெல்ட்டை எந்த மாதம் மாற்ற வேண்டும் என்று மெஷினுக்கு மெஷின் அட்டவணை உண்டு. அதே மாதிரி என் பழைய காருக்கும் ஓர் அட்டவணை போட்டு, வீட்டு பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். மாற்றிய ரேடியேட்டர் ஹோஸ் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் தேதி எழுதிவிடுவேன்.

"பட்டுப்புடவை வெக்கிற பீரோவுல பிரேக் பேடு லிஸ்டு" என்பாள் என் மனைவி.

அவளுக்கு இந்தக் கார் வேண்டாம். வேப்பனப்பள்ளியில் அவள் தங்கை புதுக் கார் வாங்கியதிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். அந்த நேரம் பார்த்து எங்கள் காருக்குப் பதினைந்து வருஷம் முடிந்தது. ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும்.

"இன்ஸ்பெக்டர் ஒரு குறையும் சொல்லலைன்னா வெச்சிக்கங்க. ஒண்ணு சொன்னாலும் வித்துடணும். சரிங்களா?"

சரி என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். உள்ளே கலக்கம்தான். அந்தக் காரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. சஸ்பென்ஷன் புஷ், கிளட்ச் கேபிள், பிரேக் பேடு, வைப்பர் ரப்பர் வரை மாற்றினேன். "சார், இது இன்னும் ஒரு வருசம் ஓடும், எதுக்குக் கழட்டுறீங்க?" என்று மெக்கானிக்கே சலித்துக்கொண்டார். நான் கேட்பேனா?

ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பானெட்டைத் திறந்து, ஹோஸ்களில் இருந்த தேதிகளைப் படித்துச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. லைட், இண்டிகேட்டர், பிரேக் எல்லாம் சரி.

"ஹாரன் அடிங்க சார்."

அமுக்கினேன். சத்தமே இல்லை. உள்ளங்கையால் ஓங்கி இன்னொரு முறை. ஊஹூம்.

ஹாரனை நான் தொட்டே பல வருஷமாகிறது. ஹாரன் அடிப்பவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது என் கட்சி. தேவையும் இருந்ததில்லை. குறுக்கே யார் வந்தாலும் இடப்பக்கக் கண்ணாடியை இறக்கி என் மனைவி குரல் கொடுத்துவிடுவாள். தளி ரோட்டில் கன்னடம், வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கு, பஸ் ஸ்டாண்டில் தமிழ். மூன்றிலும் வழி கிடைக்கும். அதனால் என் அட்டவணையில் ஹாரனுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

"அடுத்த வண்டியைப் பாத்துட்டு வர்றேன். அதுக்குள்ள சரி பண்ணுங்க, இல்லன்னா இன்னொரு நாள் வாங்க" என்று இன்ஸ்பெக்டர் நகர்ந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி கதவைத் திறந்து இறங்கிப் போனாள். தங்கைக்குப் போன் போடப் போகிறாள் என்று நினைத்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன், அழாத குறை.

பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். கையில் எதிர்ப்புற ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் பை. உள்ளே ஒரு புது ஹாரன்.

"மாட்டுங்க."

"நீதான் ஜெயிச்சிட்டியே. புது வண்டி வேணாமா?"

"புது வண்டியில கண்ணாடியை ஏத்திவுட்டு ஏசி போட்டுக்குவீங்க. ஹாரனும் நல்லா அடிக்கும். அப்புறம் நான் எதுக்கு முன்னாடி சீட்டுல?"

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கார் பாஸானது.

வீடு திரும்பும்போது தளி ரோட்டில் ஒரு தக்காளி டெம்போ குறுக்கே நின்றது. புது ஹாரனில் நான் கை வைக்கவில்லை. இடப்பக்கம் திரும்பினேன். அவள் ஏற்கனவே கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தாள்.