நேர்கோட்டில் ஒரு விரிசல்

நேர்மையான மனிதர்களைப் பற்றிப் பொதுவாக ஒரே ஒரு கதைதான் இருக்கும். ஆயுளுக்கும் அது போதும். பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற இவருக்கும் அப்படி ஒன்று இருந்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், சொந்த மாமனாரின் லாரியை, அதன் அடிச்சட்டமான சேஸில் விரிசல் என்று, ஓடத் தகுதியற்றதாக எழுதித் திருப்பி அனுப்பியவர். அப்போது கல்யாணமாகிப் பதினொரு மாதம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு உட்கார இடம் காட்டிவிட்டு அடுத்ததாக இந்தக் கதையைச் சொல்வது அலுவலக வழக்கம். சொல்லும்போது அவர் அங்கே இருந்தால் கோப்புக்குள் தலையைக் குனிந்துகொள்வார். எழுந்து மட்டும் போகமாட்டார்.

டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் ரிவர்ஸ். அவர்முன் போய் நின்ற வண்டிகளில் பாதி, போன வேகத்தில் பின்னாலேயே வந்துவிடும் என்பதால். கைவிளக்கு, சிறு சுத்தியல், இரும்பு ஸ்கேல் மூன்றும் இல்லாமல் அவர் ஒரு வண்டிக்கடியிலும் படுத்ததில்லை. “வாயால சொன்னா செல்லாது, எழுத்துல குடு” என்பது அவருடைய மந்திரம். பால்காரரிடம்கூட அதைச் சொல்லியிருக்கிறார்.

மனைவியின் அண்ணன் லாரி மெக்கானிக். அப்பாவின் வண்டி போன நாளிலிருந்து மாப்பிள்ளையிடம் அவர் நேராகப் பேசியது கிடையாது. வராமல் இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. மாதம் இரண்டு தடவை வருவார், சாப்பிடுவார், எதிர் நாற்காலியில் இருப்பவரிடம் சொல்லவேண்டியதைத் தங்கச்சியிடம் சொல்லிவிட்டுப் போவார். முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் இந்த ஏற்பாடு எல்லோருக்கும் வசதியாகவே இருந்தது, நடுவில் நிற்கும் அவளைத் தவிர.

இவர் ஓய்வுபெற்ற நான்காம் மாதம் மச்சான் வந்து உட்கார்ந்தார்.

“உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா. அப்பா வண்டி கிடைச்சிருச்சு.”

“எந்த வண்டின்னு கேளு” என்றார் ரிவர்ஸ்.

“இவரு செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்தாரே, அதேதான். பழைய இரும்புக்காரன் உடைக்காம கல்குவாரிக்கு வித்திருக்கான். உள்ளேயே ஓடுற வண்டிக்கு எஃப்.சி. எவன் கேக்குறான்? பதினெட்டு வருஷம் கல்லு சுமந்திருக்கு. விரிசல் விட்ட சேஸு பதினெட்டு வருஷம் தாங்குமான்னு கேளு.”

“அது வேற வண்டியா இருக்கும்னு சொல்லு.”

“ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது” என்று அவள் சாம்பாரை இறக்கப் போனாள்.

மறுநாளிலிருந்து ரிவர்ஸ் மச்சானின் பட்டறைக்குப் போகத் தொடங்கினார். தகரக்கூரையின் கீழே மரக்கட்டைகள்மேல் ஏற்றி நிறுத்தப்பட்டிருந்தது அந்த லாரி. கேபினில் பாதி மரம் உளுத்துப்போய், ஒரு பக்கக் கதவு கயிற்றால் கட்டப்பட்டு, ரேடியேட்டர் இருந்த இடத்தில் சிலந்திகள் குடியிருந்தன. அதே வண்டிதான் என்று காட்ட மச்சான் அதைச் சீர்செய்தார். அந்த வண்டி இல்லை என்று காட்ட மாப்பிள்ளையும் அதையே சீர்செய்தார். எதிரெதிர் நோக்கத்தோடு இருவர் இவ்வளவு ஒற்றுமையாக உழைத்து அந்தத் தெரு பார்த்ததில்லை. ஒருவர் நீட்டும் ஸ்பேனரை மற்றவர் பார்க்காமலே வாங்கிக்கொள்வார். பேச்சு மட்டும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு மத்தியானம் வரும் தங்கச்சிக்காகக் காத்திருக்கும்.

கேபினை பிளேடால் சுரண்டியதில் மஞ்சளுக்குக் கீழே சாம்பல் நிறம், அதற்கும் கீழே பச்சை வந்தது. அப்பாவின் லாரி பச்சை.

“அந்தக் காலத்துல எல்லா லாரியும் பச்சைதான்னு சொல்லு” என்றார் ரிவர்ஸ்.

இன்ஜினை குவாரியிலேயே மாற்றியிருந்தார்கள். அதன் எண் உதவாது. சேஸில் வெட்டிய எண்ணின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தபோது முன்பாதியைத் துரு தின்றுவிட்டிருந்தது. கடைசி மூன்று எண்கள் மட்டும் தேறின. அப்பாவின் பழைய பதிவுப் புத்தகத்தில் இருந்ததோடு மூன்றும் சரியாகப் பொருந்தின.

“மூணு ஒத்துப்போனா ஆச்சா? என் போன் நம்பர்லகூட கடைசி மூணு அதுதான்.”

“அப்போ உங்களையும் ஜாக்கி வச்சுத் தூக்கிப் பாத்துர வேண்டியதுதான்” என்றாள் மனைவி. மச்சான் சிரிப்பை மறைக்க டயரைத் தட்டிப் பார்த்தார்.

ரிவர்ஸிடம் ஒரு ஆதாரம் மிச்சமிருந்தது. முப்பத்தேழு வருடத்தில் எழுதிய அறிக்கைகளில் ஒன்றின் கார்பன் நகலை மட்டும் அவர் வீட்டில் பத்திரப்படுத்தியிருந்தார். எது என்று சொல்லத் தேவையில்லை. அதில் அவர் கையால் போட்ட படம் இருந்தது: இடது சேஸ் சட்டம், பின்சக்கர ஸ்பிரிங் பட்டையின் தாங்கியிலிருந்து பதினொரு அங்குலம் தள்ளி, ஏழு அங்குல நீளத்தில் விரிசல். அந்த இடத்தில் விரிசல் இருந்தால் இது அதே வண்டி, அன்று தான் எழுதியது சரி. இல்லாவிட்டால் இது வேறு வண்டி, அப்போதும் தான் எழுதியது சரி. எப்படி விழுந்தாலும் தனக்குச் சேதமில்லாத சோதனை என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். பரீட்சைத் தாளைத் தானே தயாரிப்பதில் இந்த வசதி உண்டு.

இந்தக் கதையில் மாமனார் எங்கே என்று கேட்கலாம். அவர் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஊரிலேயே அந்தத் தீர்ப்பை முழுமனதாக ஏற்றுக்கொண்டவர் அவர் ஒருவர்தான். லாரியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு மரக்கிடங்கு ஒன்றின் வாசலில் வருகிற வண்டிகளின் எண்ணைக் குறிக்கும் வேலைக்குப் போனார். “சட்டம்னா சட்டம் மாப்பிள்ளை. நான்தான் அளவுக்கு மேல ஏத்திட்டேன். எவன் மேலயாவது உடைஞ்சு விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?” என்பார். கிடங்கை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு டிரைவரிடமும், “அதிகமா ஏத்தாதப்பா, சேஸ் விட்டுரும். என் வண்டி அப்படித்தான் போச்சு” என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சோதனை பழைய முறைப்படி நடந்தது. சந்தேகப்படும் இடத்தில் மண்ணெண்ணெய் பூசிச் சற்று நேரம் விட்டு, துணியால் அழுத்தித் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவவேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளைத் தூளில் கறுப்புக் கோடாக எழும்பும். ரிவர்ஸ் அடியில் படுத்து ஸ்கேலை வைத்து அளந்தார். தூவினார். விளக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

கோடு எழும்பியது. பதினொரு அங்குலத்தில், ஏழு அங்குல நீளத்துக்கு.

“மச்சான், இங்க வாங்க.”

முப்பத்தைந்து வருடத்தில் இதுதான் நேராகப் பேசிய முதல் பேச்சு. மச்சான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து படுத்தார்.

“இதுதாங்க அந்த வண்டி. ஒத்துக்கறேன். நீங்களும் விரிசலைப் பாத்துக்குங்க.”

மச்சான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை, விரிசல் எங்கேயாவது ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி போகுமா?”

வயர் பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தார். தார் மாதிரி இறுகியிருந்த பெயின்ட் ஏடு ஏடாக உதிர்ந்தது. முதலில் ஒரு ரிவெட் தலை தெரிந்தது. பிறகு இன்னொன்று. வரிசையாக ஐந்து. சேஸோடு சேர்த்து அறைந்த வலுத்தகடு. அதன் ஓரத்து இடுக்கில்தான் மண்ணெண்ணெய் புகுந்திருந்தது. வண்டியை இன்னும் உறுதியாக்கத் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பிய தகடு.

ரிவர்ஸ் சுத்தியலால் தட்டினார். கணீரென்றது. இன்னொரு தடவையும் தட்டினார்.

“அன்னைக்கு தட்டிப் பாக்கலையா?” என்றார் மச்சான். குரலில் ஏளனம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“இல்ல.” சுத்தியலைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: “வேற எவன் வண்டியா இருந்தாலும் தட்டிப் பாத்திருப்பேன், சுரண்டிப் பாத்திருப்பேன். இது மாமா வண்டி. நோண்டி நோண்டிப் பாத்தா, பாஸ் பண்ண வழி தேடுறான்னு நினைப்பாங்கன்னு… கோடு தெரிஞ்சதும் எழுதிட்டேன்.”

முகத்தில் விழுந்த சாக்பீஸ் தூளோடு இருவரும் அப்படியே கிடந்தார்கள். முதலில் வெளியே வந்தது மச்சான்.

“எழுத்துல குடுங்க மாப்பிள்ளை” என்றார்.

வண்டிகளை ஒரே வரியில் அனுப்பிவைத்தவருக்கு இந்த வரி நான்கு நாள் பிடித்தது. ஐந்தாம் நாள் காலை, சமையலறை மேசையில் கார்பன் நகலை விரித்து அதன் அடியிலேயே எழுதி மனைவியிடம் நீட்டினார். ‘மேற்கண்டது விரிசல் அல்ல, வலுத்தகட்டின் ஓரம். சரியாகப் பார்க்கப்படவில்லை.’

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

“யாரு பாக்கல?”

அவர் காகிதத்தைத் திரும்ப வாங்கி, கடைசி வரியை அடித்துவிட்டு, ‘நான் சரியாகப் பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் அதை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“கடைசி வரைக்கும் தன்மேலதான் தப்புன்னு இருந்தாரு அப்பா” என்றாள். அவர் தலையாட்டினார். அன்று அவள் பட்டறைக்குச் சாப்பாடு எடுத்துப் போகவில்லை. மறுநாள் எடுத்துப் போனாள்.

மூன்று மாதத்தில் லாரி பச்சையாக எழுந்து நின்றது. தகுதிச் சான்றுக்குப் பழைய அலுவலகத்துக்கே கொண்டுபோனார்கள். இப்போதைய இன்ஸ்பெக்டரிடம் ரிவர்ஸ், “அந்தத் தகட்டைச் சுரண்டிப் பாத்துட்டு எழுதுங்க” என்றார். ஏன் என்பதையும் எல்லோர் முன்னாலும் சொன்னார். வண்டிக்குச் சான்றும் கிடைத்தது. ஒரு வழியாக அந்தக் கதை ஒழிந்தது என்று நிம்மதியாக வெளியே வந்தார். ஒழியவில்லை. சொந்த மாமனார் என்றும் பாராமல் வண்டியைத் திருப்பியவர், சொந்தத் தப்பென்றும் பாராமல் எழுத்தில் கொடுத்தவர் என்று இப்போது அது இரண்டு பாகமாக ஓடுகிறது. மனிதருக்குத் தப்பிக்க வழியில்லை.

அங்கிருந்து எங்கே போகவேண்டும் என்பதை அவள்தான் சொன்னாள். மச்சான் ஓட்ட, நடுவில் அவள், ஜன்னலோரம் ரிவர்ஸ். மரக்கிடங்கின் வாசலில் வண்டி நின்றது. நோட்டோடு வந்த ஆள், பலகையை நிமிர்ந்து பாராமலே, “நம்பர் என்ன?” என்றார்.

ஆண்கள் இருவரும் வாய் திறப்பதற்குள் அவள் முழு எண்ணையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

“லோடு?”

“மூணு பேரு” என்றார் மச்சான்.

“அளவுக்குள்ளதான் இருக்கு” என்றார் ரிவர்ஸ். “அதையும் எழுதிக்குங்க.”