டெல்லிக்குக் கட்டிய ஹோல்டால்

கான்வாஸ் துணியின் வாசம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ... நனைந்த கோணியும் மெழுகும் கலந்த மாதிரி இருக்கும். எங்கள் ஆஸ்பத்திரி ஹெட் சிஸ்டர் இரவல் கொடுத்த ஹோல்டாலில் அந்த வாசம்தான். படுக்கையைச் சுருட்டி, வாரால் இறுக்கித் தூக்கிப்போகும் பை அது.

அறுபதுகளின் நடுவில், ஒரு தீபாவளி முடிந்த மாதம்.

நான் சிவகாசியில் நர்ஸ். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். என் வீட்டுக்காரர் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஆர்டர் எழுதும் கிளார்க். சீசன் முடியும்வரை அவருக்கு ஞாயிறும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. முடிந்ததும் பத்து நாள் லீவு போட்டு டெல்லி பார்ப்பது என்று முடிவு செய்திருந்தோம்.

ரயில்வே டைம்டேபிளை நடுவில் விரித்து வைத்துக்கொண்டு திட்டம் போடுவோம். போக வர ஆறு நாள், நடுவில் நாலு நாள். செங்கோட்டை, குதுப்மினார்... அவருக்குக் கோட்டை, எனக்கு யமுனை. எங்கள் பக்கத்து ஆறுகளில் நான் பார்த்ததெல்லாம் மணல். இருக்கன்குடி ஆற்றங்கரைக் கோயிலுக்குப் போனால்கூட ஊற்றுத் தோண்டித்தான் கால் நனைத்திருக்கிறேன். கோட்டைச் சுவரை ஒட்டியே தண்ணீர் ஓடும் என்று அவர் எங்கோ படித்துச் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

தங்க இடம்தான் கவலை. இரண்டு பேருக்கும் இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது.

"முதலாளி ஏற்பாடு பண்ணீட்டாக. டெல்லி ஏஜெண்ட் வீட்டு மாடியில தங்கிக்கிடலாம்" என்று ஒருநாள் வந்து சொன்னார். எனக்கு வாயெல்லாம் பல். எதற்கு இந்தத் தாராளம் என்று கேட்கத் தோன்றவில்லை. மண்டு!

வார்டு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அங்கே முத்துலட்சுமி என்று ஓர் அக்கா இருந்தார். பட்டாசு வேலையில் இரண்டு கையும் வெந்துபோய் ஐந்து வாரமாகப் படுக்கையில். தினமும் நான்தான் கட்டுப் பிரிப்பேன். துணி லேசில் விட்டு வராது... பல்லைக் கடித்துக்கொள்வார். நான் கிளம்புவதற்கு முந்தின நாள், வலியை மறக்க அவரே பேச்சுக் கொடுத்தார்.

"டெல்லிக்குப் போறீகளாமே சிஸ்டர்... அங்கன ஆத்துல எம்புட்டுத் தண்ணி ஓடுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

மறுநாள் மூன்று மணிக்கு பஸ். விருதுநகர் போய் மெட்ராஸ் வண்டி, அங்கிருந்து டெல்லி வண்டி. இரண்டு மணிக்கு ஹோல்டாலின் வாரை இன்னொரு தடவை இறுக்கப் போனேன். காலையில் நான் கட்டியதைவிடத் தடியாக இருந்தது. வாசமும் வேறு. கந்தக நெடி.

பிரித்தேன். கம்பளிக்குள் செய்தித்தாளில் சுற்றிய ஆறு பொட்டலங்கள்.

அவர் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"மெதுவாப் பேசு. சாம்பிள் வெடி. வடக்க கல்யாண சீசன் வருதுல்ல... ஏஜெண்ட் கையில குடுத்தாப் போதும்."

"ரயில்ல கொண்டு போகக் கூடாதுன்னு தெரியாதா ஒங்களுக்கு?"

"நானா மொத ஆளு? போறவுக எல்லாரும் ரெண்டு பொட்டலம் கொண்டுதான் போறாக. முதலாளிகிட்ட சரின்னுட்டேன். இது போகலன்னா மாடியும் இல்ல."

அப்போதெல்லாம் ரயில் பெட்டிக்குள்ளேயே ஸ்டவ் பற்றவைத்துப் பால் காய்ச்சுவார்கள். பீடி வேறு. மூன்று நாள்... பெட்டி நிறையப் பிள்ளைகுட்டிகள். எனக்குப் பயமும் இருந்தது, இவர் என்னிடம் மறைத்தாரே என்ற ஆத்திரமும் இருந்தது.

"இது ஏறுனா நான் ஏற மாட்டேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒனக்கென்ன, ஆஸ்பத்திரி வேலை. என் வேலை போச்சுன்னா?" என்றார், ரொம்ப மெதுவாக.

அவர் கேட்டது நியாயம்தான். ஆனாலும் சொன்னேன். "இப்ப முத்துலட்சுமி அக்காவுக்குக் கட்டு மாத்துற நேரம். என்கூட வந்து அந்தக் கைய ஒருதடவ பாருங்க. பாத்துட்டு ஏத்துவோம்."

அவர் ஷூவை வைத்துவிட்டு எழுந்தார். பொட்டலங்களைத் துணிப்பையில் போட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கம்பெனிக்கா, பஸ் ஸ்டாண்டுக்கா... எனக்குத் தெரியாது. பிரித்த ஹோல்டால் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது. கட்டிய புருஷனை ரயிலேற்றி விட்டேனா, ஜெயிலுக்கு அனுப்பினேனா என்று ஒரே யோசனை.

நாலு மணிக்கு வந்தார். பை காலி.

"முதலாளிகிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

வேலை போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு முதலாளி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

எடுத்த லீவை வீணாக்க வேண்டாம் என்று இரண்டு நாள் கழித்து மதுரைக்குப் போனோம். நல்ல மழை பெய்த வருஷம். பாலத்தின் மேல் நின்று பார்த்தால் வைகையில் செந்தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "இதுவும் தலைநகரந்தான்... பாண்டியன் இருந்த ஊரு" என்றார். நான் சிரித்துவிட்டேன். அழுகையும் வந்தது.

முத்துலட்சுமி அக்காவிடம், "ரெண்டு கரையும் தொட்டு ஓடுதுக்கா" என்று சொன்னேன். எந்த ஆறு என்று சொல்லவில்லை.

அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போய், டெல்லி போகாமலே அவர் போய்ச் சேர்ந்தார். போன மாசம்தான் மகன் என்னைக் கூட்டிப் போனான். மூன்று மணி நேரத்தில் விமானத்தில் டெல்லி! கோட்டையை ஒட்டி ஆறு இல்லை. எங்கோ ரோட்டைத் தாண்டித் தள்ளிப் போய்விட்டதாம்.

அதைவிட என் மனசில் நிற்பது, கிளம்பும்போது மதுரை ஏர்போர்ட்டில் நடந்ததுதான். என் கைப்பையை மெஷினில் விட்டதும் நிறுத்திவிட்டார்கள். ஒரு பெண் போலீஸ் உள்ளே துழாவி ஒரு தீப்பெட்டியை எடுத்தாள். கரண்ட் போனால் மெழுகுவர்த்தி ஏற்ற எப்போதும் பையில் கிடப்பது... சிவகாசிக்காரி பழக்கம்.

"இது விமானத்துல ஏறக் கூடாதும்மா" என்றாள்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வரிசையில் என் பக்கத்தில் அவர் நின்றிருக்க வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்த மாதிரி, "இது ஏறுனா நான் ஏற மாட்டேன்" என்று சொல்லியிருப்பார்.